22 வெள்ளிச் சீப்பும் பஞ்சுவின் சடையும்

வணக்கம் உறவுகளே! பினாங்கு கெலுகோரிலிருந்து நானும் என் ஷீ ட்சூ நாய் பஞ்சுவும். இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், பிறகு மகிழ்ச்சியான சேதிக்கு வருகிறேன்.

பஞ்சுவை முடி வெட்டக் கூட்டிப்போனேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். குளியலுக்கும் முடிவெட்டுக்கும் 95 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்றார்கள். சரி. காதோரம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "முடி சிக்கித் திரண்டு சடை பிடித்திருக்கிறது, அதற்கு 40 வெள்ளி கூடுதல்" என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். சடையெடுப்பது பொறுமை கேட்கும் வேலை, கூலி கேட்பதில் தப்பே இல்லை. அடுத்து சொன்னதுதான் தாங்கவில்லை: "மொத்தமாக மழித்துவிடுகிறோம், அதுதான் சுலபம்." அப்படியானால் அந்த 40 வெள்ளி எதற்கு? சடையெடுக்கக் காசு வாங்குவார்களாம், ஆனால் சடையை எடுக்கமாட்டார்களாம்! கேட்டதற்கு, சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைக் காட்டினார்கள். பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வெயிலில் மழித்தால்தான் என்ன என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். ஷீ ட்சூவின் முடி நம் தலைமுடியைப்போல விடாமல் வளரும், மழித்தாலும் திரும்ப வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த முடி எனக்கு உயிர். நெற்றிக் குடுமியும், நடக்கும்போது தரையைத் தொடும் அந்த ஓரங்களும் இல்லாத பஞ்சுவை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைக் கவனமாகக் கேளுங்கள்: அவற்றுக்கு அடியில் அடர்த்தியான உள்முடி இருக்கிறது. ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாக முளைக்கும், சிலவற்றுக்கு வெகுகாலம் முளைக்காமலே கிடக்கும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி மழித்துவிடாதீர்கள்.

சரி, சடைக்கு வருகிறேன். பஞ்சுவுக்கு உதிரும் முடி தரையில் விழுவதில்லை, உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதோடு உராய்வும் ஈரமும் சேர்ந்தால் சடை பிடித்துவிடும். பினாங்குக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? உராயும் இடங்களைத் தேடிப் பாருங்கள்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் அடிப்பகுதி. தஞ்சோங் புங்கா கடற்கரை வீடியோவில் பஞ்சு போட்டிருந்த மார்ப்பட்டை நினைவிருக்கிறதா? அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால், பட்டை உரசிய இரண்டு அக்குளிலும் மணலோடு சேர்ந்து முடி திரண்டிருந்தது.

இப்போது இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். எஃகுச் சீப்பு, 22 வெள்ளி. ஒரு பாதியில் பற்கள் அகலமாக இருக்கின்றன, மறு பாதியில் நெருக்கமாக. பற்களின் முனை மழுங்கலாக இருக்கும், தோலைக் கீறாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கும் பிசிறு தட்டாது. அம்மாவுக்கு விலையைச் சொன்னதும், "ஏன்டி, நீ சீவுகிறதே மூன்று வெள்ளிச் சீப்புதானே?" என்றார். அம்மா, நான் சிக்கிருந்தால் கத்துவேன், பஞ்சுவால் கத்திச் சொல்ல முடியுமா? இன்னும் 50 வெள்ளி கூட்டிச் சொல்லியிருந்தாலும் இதை வாங்கியிருப்பேன்.

ஏனென்றால் பிரஷ் பொய் சொல்லும், சீப்பு சொல்லாது. கடைகளில் தொங்குமே ரோஜா நிறப் பிளாஸ்டிக் பிரஷ், அதை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மேல்முடியைப் பளபளவென்று ஆக்கிவிடும், அடியில் தோலோடு ஒட்டி சடை அப்படியே உட்கார்ந்திருக்கும். சீப்பைத் தோல்வரை இறக்கி நுனிவரை இழுங்கள். எங்கேயும் நிற்காமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

செய்யும் முறை இது. பஞ்சுவைப் பக்கவாட்டில் படுக்க வைக்கிறேன். இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு வகிடு தெரியும்படி செய்கிறேன். அந்த வரிசையை மட்டும் ஸ்லிக்கர் பிரஷ்ஷால், அதாவது மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்ஷால் நீவி, பிறகு சீப்பை விடுகிறேன். அது சுத்தமானதும் அடுத்த வரிசையைக் கீழே இறக்குகிறேன். பாதத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். முதுகில் தொடங்கினால் மேல்முடி வந்து மூடிக்கொண்டே இருக்கும். உலர்ந்த முடியில் வறட்டுத்தனமாக இழுக்காதீர்கள், முடி ஒடியும். சிக்கெடுக்கும் தெளிப்பானை லேசாகத் தெளித்துக்கொள்ளுங்கள்.

இடது காதுக்குப் பின்னால் இருந்த சடை இருக்கிறதே, அதுதான் கடைக்காரர் பார்த்து மழிக்கச் சொன்னது. என் கட்டைவிரல் பருமன், தொட்டால் கெட்டியாக இருந்தது. முதலில் சடைக்கும் தோலுக்கும் நடுவில் முடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் இழுப்பு தோலுக்குப் போகாது, வலிக்காது. பிறகு நுனியிலிருந்து நான்கைந்து இழையாக விரலால் பிரித்தேன். பிரிந்ததைச் சீப்பின் கடைசி இரண்டு பல்லால் மட்டும் கோதினேன். அடியில் போகப் போகச் சாம்பல் நிறத்தில் உதிர்ந்த முடி பந்தாக வந்தது. பஞ்சு ஒருமுறை திரும்பி என் மணிக்கட்டை நக்கினாள், அவ்வளவுதான். ஒரு பாட்டு நிகழ்ச்சி முழுதும் வானொலியில் ஓடி முடிந்துவிட்டது. கடைசி இழுப்பில் சீப்பு காதின் அடியிலிருந்து நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்ததே, அந்த நொடிக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்!

ஒரு நிமிடம், சோளமாவை (கார்ன்ஃப்ளவர்) சொல்லாமல் தாண்டிவிட்டேன். பிரிப்பதற்கு முன் ஒரு சிட்டிகை சோளமாவைச் சடையில் தேய்த்துக்கொண்டேன். முடி வழுக்கிக்கொண்டு பிரியும். தெளிப்பான் அடித்த இடத்தில் மாவு வேண்டாம், களியாகிவிடும். இரண்டில் ஒன்றுதான்.

கத்தரிக்கோலை மட்டும் சடைக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சடை தோலைத் தன்னோடு மேலே இழுத்து வைத்திருக்கும். முடி என்று நினைத்து வெட்டும் இடத்தில் தோல் இருக்கும். காதோரத் தோல் மிக மெல்லியது. உடம்பு முழுதும் தோலோடு ஒட்டிப் பிடித்துவிட்டது என்றால் வீட்டில் வதைக்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அப்போது மழிப்பதுதான் நாய்க்கு நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு காதோரச் சடைக்காக மொத்த உடம்பையும் மழிப்பதுதான் எனக்கு ஆகாது.

எல்லாச் சிக்கும் எடுத்த பிறகுதான் குளியல். முதலில் குளிப்பாட்டினால் சடை நனைந்து காயும்போது இன்னும் இறுகிவிடும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூதான். நாயின் தோலின் அமிலத்தன்மை நம் தோலைவிடக் குறைவு, நம் ஷாம்பூ அதற்கு ஒத்துவராது. பிறகு தேங்காய் எண்ணெய். அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார். வேண்டவே வேண்டாம்! எண்ணெய் முடியில் தூசி ஒட்டும், ஒட்டிய தூசியில் மறுபடி சிக்கு விழும். அம்மாவுக்கு இன்னும் கோபம்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு ஹேர் டிரையர், குறைந்த சூட்டில், சீவிக்கொண்டே. ஷீ ட்சூவுக்கு மூக்கு சப்பை, சூடு தாங்காது. மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். ஆனால் அடிமுடி காயாமல் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் தோலில் பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். காதில் தண்ணீர் பட்டிருந்தால் பஞ்சு உருண்டையால் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள்.

இதோ, எழுந்து வந்துவிட்டாள். காதைப் பாருங்கள்! அந்தப் பக்கம் திரும்பு கண்ணு... இந்தக் காதைத்தான் மழிக்கச் சொன்னார்கள்.

பாதத்தின் அடியில், விரல்களுக்கு நடுவே வளரும் முடியும் நகமும் இன்னும் பாக்கி இருக்கின்றன. பஞ்சுவுக்கு நகங்கள் கறுப்பு, உள்ளே இரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதை விளக்கு வெளிச்சத்தில் செய்யமாட்டேன். ஞாயிறு காலை வெயில் வாசலுக்கு வந்ததும் படம்பிடித்துப் போடுகிறேன். மழுங்கல் முனைக் கத்தரிக்கோலும் ஒரு கிண்ணம் சோளமாவும் எடுத்து வையுங்கள். நகத்தில் இரத்தம் வந்தால் அந்த மாவைத்தான் வைத்து அழுத்த வேண்டும்.