கிழிந்த பிரதியைத் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிறுவர் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் அடிக்கடி என்னைத் தேடி வருவார்கள். எடுத்த எடுப்பில் நான் கேட்பது இதுதான்: "சரி, உன் ஆய்வில் குழந்தை எங்கே இருக்கிறது?" பெரும்பாலும் பதில் வராது.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தத் துறையில் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. இன்னாரின் சிறுவர் பாடல்களில் அறக்கருத்துகள், இன்னாரின் கதைகளில் சமுதாயப் பார்வை. திறந்தால் வாழ்வும் பணியும், தோற்றமும் வளர்ச்சியும், அப்புறம் பாடுபொருள், உத்தி, முடிவுரை. எழுதியவர் இருப்பார், அவர் சொன்ன நீதி இருக்கும், எதுகை மோனையைக்கூட எண்ணி வைத்திருப்பார்கள். படித்த பிள்ளையை மட்டும் காணோம்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1944-இல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை அன்றைக்குப் பாடிய பிள்ளைகள் யார்? எந்த ஊர்? வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரா, அக்கா பாடக் கேட்டுத் தம்பி பிடித்துக்கொண்டானா? அதைத் தேடு என்கிறேன்.

"அதுக்கு ஆதாரம் எங்கே சார் இருக்கு?" என்பார்கள். நியாயம்தான். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி பழைய சிறுவர் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டாள். நூலகத்தில் பைண்டு செய்த தொகுதிகள் கிடைத்தன. பக்கங்கள் எல்லாம் சுத்தம். ஆனால் மேலட்டை இல்லை. பைண்டு போடும்போது அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் உருவிவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். விலை, முகவரி, போட்டி அறிவிப்பு எல்லாம் போயே போச்சு. அப்புறம் ஒரு பழைய புத்தகக் கடையில், தைத்த கம்பி துருப்பிடித்து, நடுத்தாள் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இதழ் அவள் கைக்கு வந்தது. என்னிடம் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள்.

முயலுக்கு வழி காட்டும் புதிரில் பென்சில் கோடு சுவரில் முட்டி, அழித்த தடம் தெரிய, வேறு பக்கம் திரும்பிப் போயிருந்தது. கதையில் வந்த ராணிக்கு மீசை. கதையின் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த நீதியின் மேலேயே ஒரு பெருக்கல் கணக்கு! பின்னட்டையில் மூன்று பெயர்கள், மூன்று கையெழுத்து, ஒரே இனிஷியல். முதல் இரண்டும் அடிக்கப்பட்டிருந்தன. அண்ணனிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து தம்பிக்கு என்று அந்த இதழ் ஒரே வீட்டில் கைமாறியிருக்க வேண்டும். இதை எந்த ஆசிரியர் முன்னுரை நமக்குச் சொல்லும்?

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார்: "கிறுக்கலெல்லாம் ஆதாரமா அம்மா?" அவள் சொன்னாள்: "ஓலைச்சுவடியில் படித்தவர் எழுதி வைத்த குறிப்பைப் பதிப்பில் சேர்க்கிறோமே ஐயா, இதுவும் படித்தவர் குறிப்புதானே." எனக்கு எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. நெறியாளர் அப்படியெல்லாம் செய்யக் கூடாது.

திரும்பவும் சொல்கிறேன், கதையை மட்டும் படிக்காதீர்கள். புதிருக்குச் சரியான விடை எழுதியவர்கள் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் போடுவார்கள். வாசகர் கடிதம், பேனா நண்பர் பகுதி. பெயர், சில இடங்களில் வகுப்பு, பள்ளி, ஊர். இவற்றை எடுத்து அட்டவணை போட்டால் ஆண் எத்தனை, பெண் எத்தனை, டவுன் எத்தனை, கிராமம் எத்தனை என்று தெரிந்துவிடும். அந்தப் பத்திரிகை எந்த வீட்டுக்குப் போனது, எந்த வீட்டுக்குப் போகவே இல்லை என்பதும் தெரியும். ஆய்வாளர்கள் புரட்டித் தள்ளும் பக்கம் அது. எனக்கு அதுதான் முதல் பக்கம்.

எங்கே தேடுவது? சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரத்தில் தொடங்கியது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காலத்தில் சிறுவர் பத்திரிகைகள் வரிசையாக வந்தன. அங்கே ஞானாலயா என்ற தனியார் ஆய்வு நூலகம் இருக்கிறது. சென்னை கன்னிமரா நூலகத்துக்கு ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி தர வேண்டும், அதற்கு 1954-இல் வந்த சட்டம் இருக்கிறது. ஆனால் நூலகப் பிரதி பெரும்பாலும் பிள்ளை கை படாத பிரதி என்பதை மறக்க வேண்டாம். பழைய புத்தகக் கடையையும் விடாதீர்கள்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கள ஆய்வு பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபது வயது தாண்டியவர்களிடம் சின்ன வயதில் என்ன படித்தீர்கள் என்று முதலில் போய்க் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இன்றைய பிள்ளைகளிடம் பேசுவதானால் பெற்றோர், பள்ளி இரண்டு பேரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உதவித்தொகைக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு முயலுங்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி... அதற்கு நேரமில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிறுவர் பத்திரிகைக் கட்டு ஒன்று கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால், அருகில் உள்ள நூலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். கிறுக்கலை மட்டும் அழித்துவிடாதீர்கள். வணக்கம்.