18 ஆனதும் எந்த இல்லம்?

[திரை: குழந்தைகள் இல்லத்தின் சமையலறை. மிக்ஸி ஓடும் சத்தம்.]

வணக்கம். மிக்ஸியில் அரைபடுவது சாதமும் பருப்பும் கேரட்டும். நைசாக அரைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக சிரிஞ்சில் எடுக்கிறார் ஆயா. வாயில் ஊட்ட அல்ல, வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாயில் ஏற்ற. சாப்பிடப் போகிறவனுக்கு மூளை முடக்குவாதம், வலிப்பு, வளைந்த முதுகுத்தண்டு. வயது பதினேழரை. கற்பனைப் பையன்தான், குமார் என்று வைத்துக்கொள்வோம்.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் 18 வயது வரைதான். அப்புறம் 21 வரை பின்பராமரிப்பு, அதாவது இல்லத்தை விட்ட பிறகும் கிடைக்கும் உதவி, உண்டு. அது சொந்தக் காலில் நிற்கப் போகிற பிள்ளைகளுக்குச் சரி. குமாருக்குத் தேவை, பெரியவர்களுக்கான இன்னோர் இல்லம்.

[திரை: தடிமனான ஃபைல் ஒன்று.]

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் ஃபைலோடு போய்விடும். போகாதது ஆயாவுக்குத் தெரிந்தது. அவன் பல்லை நறநறவென்று கடித்தால் மலச்சிக்கல். சாப்பாடு ஏறியதும் அரை மணி நேரமாவது சாய்த்து உட்கார வைக்க வேண்டும். உடனே படுக்க வைத்தால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். கண்ணை மேலே தூக்கினால் 'சரி'. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினால் 'வேண்டாம்'.

இதையெல்லாம் யாராவது ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுத வேண்டும். வலிப்பு வந்தால் எப்படி இருக்கும், சும்மா கை உதறினால் எப்படி இருக்கும் என்று போனில் இரண்டு வீடியோ எடுத்து வையுங்கள். புதிய நரம்பியல் மருத்துவர் ஃபைலைப் புரட்டுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பார். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் என்ன மருந்து, எவ்வளவு, யார் கொடுப்பது என்பது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதுவரை ஒரே குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். இனி நரம்புக்கு ஓர் ஓபி, வயிற்றுக்கு ஓர் ஓபி, எலும்புக்கு இன்னொன்று. யார் மொத்தத்தையும் கவனிப்பார் என்று பழைய மருத்துவரிடமே கேட்டு, கடிதம் வாங்கிவிடுங்கள்.

[திரை: இரவு. நீளமான வராந்தா, ஒரே ஒரு விளக்கு.]

புதிய இல்லத்தைப் பார்க்கப் போனால் தோட்டத்தையும் பெயின்ட்டையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேர் இருப்பீர்கள்? பத்து வயதில் 16 கிலோ இருந்த குமாரை ஒருவரே தூக்கிவிடலாம். இப்போது 36 கிலோ. டயப்பர் மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க இருவர் வேண்டும். நைட் ஷிஃப்டில் ஒரே ஆள் என்றால் அந்த இல்லம் குமாருக்கு ஆகாது.

சட்டப் பக்கமும் உண்டு. 18 முடிந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோர், உறவினர் அல்லது பதிவு பெற்ற அமைப்பு விண்ணப்பிக்கலாம்.

இங்கிலாந்தில் மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்தத் திட்டமிடலை 13, 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. குமாருக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது. அதனால் இந்த மாதமே ஒரு பகல் புதிய இல்லத்துக்குப் போய் இருந்து வரட்டும். அடுத்து ஆயாவோடு இரண்டு இரவு. பிறகு ஆயா இல்லாமல் ஓர் இரவு. திரும்பி வந்ததும் அவனிடமே கேளுங்கள். கண் மேலே போகிறதா, முகம் சுவர்ப் பக்கம் திரும்புகிறதா?

[திரை: வேன் கதவு திறக்கிறது.]

வண்டியில் ஏறும்போது அதே அளவில் மாற்றுக் குழாய் ஒன்று கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். வழியில் குழாய் கழன்றால் சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும்.