எங்கள் பாட்டா: பட்டாளம் 15 வருடம், அதற்கப்புறம் ஒரு முழு வாழ்க்கை

வணக்கம் மக்களே. எங்கள் பாட்டா இறந்துவிட்டார், வயது எண்பது தாண்டியிருந்தது. அடக்கத்துக்கு வந்த எல்லாரும் பட்டாளத்துக்காரர், பட்டாளத்துக்காரர் என்றுதான் பேசினார்கள். ஊரில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் வரிசையாக வந்து மலர்வளையம் வைத்து சல்யூட் அடித்தார்கள், எங்களுக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் அவர் ராணுவத்தில் இருந்தது 15 வருடம்தான். அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் இந்த விளையில் (தோட்டத்தில்) பாடுபட்டாரே, அதை யாரும் எடுத்துப் பேசவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

முதலில் பட்டாளத்தைச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பாட்டா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. 1962 சீனப் போர் முடிந்து ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள், அப்போது போனவர். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் டிரெயினிங். பழைய திருவிதாங்கூர் படையிலிருந்து வந்த 9-வது மெட்ராஸ் பட்டாலியனில் சேர்த்தார்கள். 1965 பாகிஸ்தான் போர் வந்தபோது அவர் அந்தப் பட்டாலியனில்தான் இருந்தார். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று எங்களுக்குக் கத்திக் காட்டுவார், நாங்களும் சின்ன வயதில் கத்திக்கொண்டே ஓடுவோம். ஆனால் போரில் என்ன நடந்தது என்று கேட்டால் "தண்ணி கிடையாது மக்கா, தூக்கம் கிடையாது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

போர்க் கதையை எனக்கு நிறையச் சொன்னது ஆச்சிதான். 71 டிசம்பர் 3-ஆம் தேதி போர் தொடங்கி 16-ஆம் தேதி பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடையும் வரைக்கும் ஆச்சி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். போர் முடிந்த பிறகும் பாட்டாவிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வர நாளாகியிருக்கிறது. அந்தப் பதினைந்து வருடத்தில் ஆச்சி பாட்டாவோடு சேர்ந்து இருந்தது வருடாந்திர லீவு நாட்கள் மட்டும்தான். மாமனார் மாமியாரைப் பார்த்து, வந்த மணியார்டரை வைத்துக் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்து, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) போட்டு வீட்டை நடத்தியிருக்கிறார். பட்டாளத்துச் சம்பளம் பாட்டாவுடையது என்றால் அந்தப் பட்டாள வாழ்க்கையில் பாதி ஆச்சியுடையது, என்னைக் கேட்டால் அந்த மெடல்களில் ஆச்சிக்கும் பங்கு உண்டு.

பென்ஷனோடு வந்தவர் சும்மா உட்காரவில்லை. கொஞ்சம் ரப்பர் இருந்தது, ஆள் வைக்காமல் அவரே பால்வெட்டக் கற்றுக்கொண்டார். விடியும் முன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் இல்லையா, அதனால்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்து, புகைப்புரையில் காயப்போட்டு முடித்த பிறகுதான் கட்டன் சாயா. ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்) விற்ற காசு மட்டும் தனி டப்பாவில் போகும், அது ஆச்சிக்கு. அவர் கேட்கவும் மாட்டார், ஆச்சி கணக்குச் சொல்லவும் மாட்டார். மூன்று பிள்ளைகளும் படித்தது, என் அத்தை நர்சிங் முடித்தது எல்லாம் இந்தப் பாலில்தான்.

அப்புறம் ஒக்கி புயல் வந்தது, 2017 நவம்பர் 30. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை, மலையோரத்தில் ரப்பரும் வாழையும் ஒடிந்து கிடந்தது, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் விளையில் முக்கால்வாசி மரம் போய்விட்டது. நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எழுபது தாண்டிய பாட்டா அதைக் கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டினார், கிளைகளை வெட்டி ஒதுக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு ரப்பர் கன்று வைத்தாயிற்று.

ரப்பர் வெட்டுக்கு வர ஏறக்குறைய 7 வருடம் ஆகும். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வர வேண்டும், அதற்கு முன்னால் கத்தி வைத்தால் மரம் தேறாது. அந்த வயதில் இதைத் தெரிந்துகொண்டே குழி வெட்டிய மனுஷன் அவர். "இத நீ வெட்டுவ மக்கா" என்று என்னிடம் சொன்னார், சாதாரணமாகத்தான் சொன்னார். கடைசியாக அவர் விளைக்கு வந்தபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அப்பா டேப் பிடித்து அளக்க, இது ஆயிற்று, இது அடுத்த வருடம் என்று ஒவ்வொரு மரத்துக்கும் தீர்ப்புச் சொன்னார். அந்த மரங்களில் இப்போது அப்பாவும் நானும்தான் வெட்டுகிறோம்.

இன்னொன்று, இது பட்டாளத்துக்காரர் இருக்கிற வீடுகளுக்கு. பாட்டா டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு), ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே ஆச்சி பெயரை எழுதி வைத்திருந்தார். ஆச்சி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளதுபோலவே பிபிஓவிலும் இருக்க வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே அலைந்து திருத்திவிட்டார். அதனால் குடும்ப பென்ஷனுக்கு விண்ணப்பிக்கப் போனபோது ஆச்சிக்கு அலைச்சல் இல்லை. உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ முன்னாள் ராணுவத்தினர் என்றால் இன்றைக்கே அந்தப் பெயரை எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அவர் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிடுங்கள்.