அம்மம்மா எழுதாத இரண்டு

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மண்டபத்துக்குள் இடமில்லாமல் விறாந்தையில் நிற்கும் என் ஊரவர்களே, வணக்கம்.

"வாக்கு யாருக்கு? மனதுக்குப் பிடித்தவருக்கா, வெல்லக்கூடியவருக்கா?" என்பது தலைப்பு. மனதுக்குப் பிடித்தவருக்கே என்று சொல்ல எழுந்து நிற்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர். இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு விழுந்த 226,343 வாக்குகளும் சஜித் பிரேமதாசவுக்குப் போயிருக்க வேண்டியவை, கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிட்டன என்றார்.

ஐயா, நீங்கள் சொல்லித்தந்த கூட்டலையே செய்கிறேன். சஜித் பெற்றது 4,363,035. சங்கின் வாக்குகளை ஒன்றுவிடாமல் அதில் சேர்த்தாலும் 4,589,378தான். வென்ற அநுர குமார திசாநாயக்க பெற்றதோ 5,634,915. பத்து இலட்சத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. யார் தலையில் பழி போட்டாலும் இந்தத் தோல்விக்குச் சங்கு காரணமில்லை.

அடுத்து அமெரிக்காவுக்குப் போனீர்கள். 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்தில் மூன்றாவது வேட்பாளரான ராள்ப் நாடர் 97 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். அங்கே அல் கோரை புஷ் வென்றது 537 வாக்கால். அந்த மாநிலத்தோடு வெள்ளை மாளிகையும் அவர் கைக்குப் போனது. உண்மை. நாடருக்குப் போட்ட பலர் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் புளோரிடா வாக்காளரிடம் "உங்கள் ஆள் தோற்றால் அடுத்து யார்?" என்று அந்த வாக்குச்சீட்டு கேட்கவில்லை. நம் வாக்குச்சீட்டு கேட்கிறது. பெரியோர்களே, எதிரணியின் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நழுவுகிறது.

பிடித்தவருக்கு நேரே 1 எழுதலாம். அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அடுத்த விருப்பு அந்த இருவரில் யாருக்கு இருக்கிறதோ அவருக்குச் சேர்ப்பார்கள். 1982 முதல் இருக்கும் ஏற்பாடு இது. 2024 வரை ஒருமுறைகூடத் தேவைப்படாததால் ஊரே மறந்துபோயிருந்தது.

என் அம்மம்மாவும் மறந்திருந்தார். தேர்தலன்று காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றோம். ஏறக்குறைய நாற்பது பெயர்கள் கொண்ட நீளமான சீட்டு அது. மடிப்பதற்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. வெளியே வந்ததும், "புள்ளடி போட்டுவிட்டேன் பிள்ளை" என்றார். ஒரே ஒரு X அடையாளம். "இரண்டாவது விருப்பு எழுதினீர்களா அம்மம்மா?" என்று கேட்டேன். "அது என்ன?" என்றார். மை பூசிய விரலைச் சேலைத் தலைப்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, ஏதோ பிழை செய்துவிட்டவர் போல என் முகத்தைப் பார்த்தார். வீடு வரும்வரை அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிழை அவருடையது அன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மம்மா தனியாள் இல்லை. இரண்டாம் சுற்றில் அநுரவுக்கு 105,264 வாக்குகளும் சஜித்துக்கு 167,867 வாக்குகளும் கூடின. மொத்தம் 273,131. விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளோ முப்பத்து மூன்று இலட்சத்துக்கு மேல்! நூறு சீட்டுக்கு எட்டுச் சீட்டுத்தான் கைமாறியிருக்கிறது. வீணாய்ப் போன வாக்கைத் தேடுகிறீர்களே ஐயா, அது இங்கே கிடக்கிறது. முதல் விருப்பைத் தன் மனதுக்குக் கொடுத்தவரை ஏசுவதை விட்டு, அவரிடம் அந்த இரண்டைக் கேட்டிருக்க வேண்டாமா? எங்கள் ஊருக்கு வந்து "சங்குக்குப் போட்டு வாக்கைப் பிரிக்காதீர்கள்" என்று ஒலிபெருக்கி கட்டிப் பேசியவர்களில் ஒருவர்கூட, "சரி, ஒன்றைச் சங்குக்குப் போடுங்கள், இரண்டை எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. சங்கு சங்கு என்று சொன்ன நாங்கள், என் வீட்டுக் கிழவிக்குக்கூட இரண்டைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

சரி, வெல்லக்கூடியவருக்கே போட்டுப் பார்த்தோமே, என்ன கண்டோம்? 2010இல், யுத்தம் முடிந்து ஓராண்டு நிறையவில்லை. அந்த யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே புள்ளடி போட்டோம். மகிந்த ராஜபக்ச போக வேண்டும் என்பதற்காக, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோம். அவர் தோற்றார். 2019இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேருக்கு மேல் சஜித்துக்குப் போட்டோம். அவரும் தோற்றார். 2015இல் மைத்திரிபால சிறிசேன வென்றார், மறைக்கவில்லை. வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருந்த சில காணிகள் திரும்பக் கிடைத்தன; என் சித்தியின் வளவும் அப்படித்தான் கிடைத்தது. ஆனால் வரும் என்று சொன்ன புதிய அரசியலமைப்பு வரவில்லை. 2018 ஒக்டோபரில், எவரை விலக்க நாம் வாக்களித்தோமோ அந்த மகிந்தவையே கூப்பிட்டுப் பிரதமர் ஆக்கினார் சிறிசேன. நம் வாக்கு எப்படியும் தமக்கே விழும் என்று தெரிந்தவர்கள் அந்த வாக்குக்கு விலை வைக்க மாட்டார்கள். சந்தையில் மீன் வாங்கும் எவருக்கும் இது விளங்கும்.

"2005ஐ மறந்தீர்களா?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். மறக்கவில்லை. அன்று யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு ஒருவர், இருவர்தான் வாக்களிக்கப் போனார்கள். மகிந்தவிடம் ரணில் விக்கிரமசிங்க தோற்றது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குச் சொச்சத்தால். அது புறக்கணிப்பு ஐயா. பெட்டிக்குள் விழாத சீட்டுக்கு எந்த விருப்பும் கிடையாது. சங்குக்கு விழுந்த சீட்டு பெட்டிக்குள் இருந்தது, எண்ணப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1982 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் தோற்பார் என்று தெரிந்தே நாடு முழுவதும் 173,934 பேர் அவருக்குப் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்தான் முதலாவது. அன்று இந்த மாவட்டம் என்ன நினைத்தது என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அந்த முதலிடம் இருக்கிறது.

நடுவர் அவர்களே, எங்கள் வீட்டில் இப்போது பழைய நாட்காட்டித் தாள் எதையும் எறிவதில்லை. பின்பக்கத்தில் கட்டம் கீறி அம்மம்மாவிடம் கொடுக்கிறேன். சங்குக்கு நேரே 1 போட அவருக்கு ஒரு நொடி போதும். பேனையை எடுக்காமல் மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நேற்று இரவு கேட்டார்: "இரண்டை ஆருக்குப் போட, பிள்ளை? ஒருவரும் வந்து கேட்கவில்லையே."