படத்தைக் காணேல்லையே

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரத்தில் நடந்த ஒரு மேடை நாடகத்தைப் பற்றித் திருகோணமலையில் இருந்துகொண்டு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நாடகம் அங்கே நடந்ததுதான். ஆனால் பார்த்தவர்களில் நம் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் வட்ஸ்அப்பில் போட்ட சண்டை உவர்மலை வரைக்கும் வந்துவிட்டது. நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த நாடகத்துக்கு மூலம் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' என்ற இந்திப் படம். ஷாருக் கானும் கஜோலும் நடித்தது. 1995 ஒக்டோபரில் வெளிவந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நம் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தாக்கப்பட்டு மறுபடி யுத்தம் தொடங்கியிருந்தது. அதனால் நம் ஆட்களில் பலர் அதைப் பின்னால் கசற்றிலும் டிவிடியிலும் பார்த்துத்தான் பாடமாக்கினார்கள். கடுகு வயல், மாண்டலின், கடைசியில் ஓடும் ரயில். இந்தி ஒரு சொல் தெரியாதவர்களுக்கும் இவ்வளவும் தெரியும். மும்பையில் மராத்தா மந்திர் தியேட்டரில் அது ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்த ஆதித்ய சோப்ராவே அதை ஆங்கில இசை நாடகமாக மேடையேற்றினார். 2022இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், பிறகு 2025இல் மன்செஸ்ரர் ஒப்பரா ஹவுஸில். 'கம் ஃபோல் இன் லவ்' என்று பெயர். படத்துக்கு ஜதின் - லலித் போட்ட மெட்டுகளுக்குப் பதிலாக விஷால் - சேகர் புதிதாக இசையமைத்திருந்தார்கள். பாட்டுகள் ஆங்கிலத்தில். இவையெல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கதாநாயகன் ராஜ் என்ற லண்டன் பஞ்சாபிப் பையன் இல்லை. ரோஜர் என்ற வெள்ளைக்காரன்.

இந்தச் செய்தி 2021இல் வெளிவந்தபோதே, ஒரு காட்சி கூட மேடையேறாத நேரத்தில், எதிர்ப்புக் கிளம்பிவிட்டது. சோப்ரா அதற்குச் சொன்ன விளக்கம் சுவாரசியமானது. இருபத்துச் சொச்ச வயதில் அவர் முதலில் நினைத்த கதையே ஓர் அமெரிக்கப் பையனுக்கும் இந்தியப் பெண்ணுக்கும் இடையிலான காதல்தானாம். டொம் குரூஸ் நடிக்க வேண்டும் என்பது ஆசையாம். சரி, படைத்தவருடைய முதல் ஆசை அது. ஆனால் ஊர் காதலித்தது அவர் ஆசைப்பட்ட கதையை அல்ல, எடுத்த படத்தை.

இனி நம் வீட்டுச் சண்டைக்கு வருவோம். என் உறவுக்காரர் ஒருவர் தாயையும் மகளையும் மன்செஸ்ரருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தாய்க்கு எழுபது வயதுக்கு மேல். முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னாராம்: "எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனா படத்தைக் காணேல்லையே." அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தி சொன்னாளாம்: "அம்மம்மா, இதுதான் எங்கட வீட்டில நடக்கிற கதை." அவள் தோழி ஒருத்தி வெள்ளைக்காரப் பையனைக் கட்டி, தகப்பன் இரண்டு வருடமாகப் பேசவில்லை.

இரண்டு பேரும் ஒரே வரிசையில் இருந்து பார்த்தவர்கள். ஒருத்தி தனக்குள் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற படத்தோடு வந்தாள், மற்றவள் வெறுங்கையோடு வந்தாள்.

பாட்டு விஷயத்தில் நான் அம்மம்மாவின் பக்கம் இல்லை. படத்துப் பாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு வரி லண்டனில், அடுத்த வரி சுவிற்சர்லாந்துப் பனியில். கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மேடையில் பாடுகிறவன் நின்ற இடத்தில் நிற்கிறான். பாட்டு முடியும்போது கதை ஓர் அடியாவது நகர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கச்சேரி. பழைய மெட்டுகளை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தால் கைதட்டு விழுந்திருக்கும், நாடகம் நின்றுபோயிருக்கும்.

ரோஜர் விஷயத்தில் அம்மம்மாதான் சரி. அந்தப் படத்தில் பெண்ணின் தகப்பன் மறுப்பது நிறத்துக்காக அல்ல, பஞ்சாபில் இருக்கும் நண்பனுக்குக் கொடுத்த வாக்குக்காக. காதலிப்பவர்கள் இரண்டு பேருமே வெளிநாட்டில் வளர்ந்த நம்மவர்கள். ஓடிப்போக வழி இருந்தும் அவன் ஓடவில்லை. தகப்பன் கையாலேயே பெண்ணை வாங்குவேன் என்று நிற்கிறான். அந்தப் பிடிவாதம் நம்மவன் ஒருவனிடம் இருந்ததுதான் அந்தக் கதையின் ருசி. வெளிநாட்டு மேடைகளில் நம் நிறத்துப் பையனுக்குக் காதலன் வேடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த ஒன்றையும் எடுத்துவிட்டால் சனம் கோபிக்காமல் என்ன செய்யும்? பேத்தி சொன்ன கதையும் மேடைக்கு வர வேண்டிய கதைதான். அதற்குப் புதுப் பெயரும் புது நாடகமும் தேவை.

படத்தை மேடைக்குக் கொண்டுபோய்ச் சூடு வாங்கியவர்கள் முன்பும் உண்டு. 'கேரி' என்ற பேய்ப்படம் 1976இல் வந்தது. நாவலிலிருந்து எடுத்த படம். 1988இல் அது நியூயோர்க் பிரோட்வேயில் இசை நாடகமானது. முன்னோட்டக் காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் சபையில் கூச்சல். விளக்கு எரிந்து நடிகைகள் வணங்க வந்ததும் அதே சபை எழுந்து நின்று கைதட்டியது. நடித்தவர்களுக்குக் கைதட்டு, நாடகத்துக்குக் கூச்சல் என்று சனம் பிரித்துக் கொடுத்த கணக்கு அது. முறையாகத் திறந்த பிறகு ஐந்தே காட்சிகளோடு மூடிவிட்டார்கள். சுமார் 80 இலட்சம் டொலர் போட்ட நாடகம்.

இன்னொரு பக்கம் 'லயன் கிங்' இருக்கிறது. 1997இல் ஜூலி டேமர் அந்தக் கார்ட்டூனை மேடையேற்றியபோது நடிகர்களின் முகத்தை மறைக்கவில்லை, முகமூடியைத் தலைக்கு மேலே வைத்தார். சிங்கமும் தெரியும், மனிதனும் தெரிவான். யாரும் படத்தைக் காணவில்லை என்று அழவில்லை. கூத்தில் முடியும் வில்லும் தரித்து வரும் அருச்சுனனை, காலையில் வயலுக்குப் போகும் அயல் வீட்டுக்காரன் என்று தெரிந்துகொண்டே பார்க்கிற நமக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை.

தமிழில் இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிப் பாதை. 'இரத்தக்கண்ணீர்', 'சர்வர் சுந்தரம்', 'தண்ணீர் தண்ணீர்' எல்லாம் மேடையிலிருந்து திரைக்குப் போனவை. திரையிலிருந்து திரும்பி வந்தவை குறைவு. ஆனால் மனப்பாடமான கதையைத் திரும்பப் பார்ப்பது நமக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்து நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை ஆடினார். முன்வரிசைக்கு எல்லாப் பாட்டும் தெரியும். இன்று எப்படிப் பாடுகிறார் என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

மாற்றத்துக்கு எதிரான முணுமுணுப்பும் நமக்குப் பழசு. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளைப் போட்டார். சனம் சுற்றியிருந்து பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடையில் ஏற்றினார். கூத்தைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது பேசினார்கள். இன்று அந்த 'இராவணேச'னையே மரபு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். நானும் படிப்பித்தேன். அங்கே ஆட்டமும் தாளமும் பிடுங்கப்படவில்லை, நேரமும் மேடையும்தான் மாறின. ரோஜரோடு இதை ஒப்பிட்டு, எல்லா மாற்றமும் பிறகு பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

கடைசியாக நம் ஊர் நாடகக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே நாடகம் முடிந்த கையோடு கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். நன்றியுரை, பிறகு இருட்டு. பார்த்தவர்கள் தங்கள் கருத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வட்ஸ்அப்பில் கொட்டுகிறார்கள். அரைமணி நேரம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். நெறியாளர் மேடை விளிம்பில் வந்து இருக்கட்டும். முதல் கேள்வியை ஓர் அம்மம்மாவிடம் கேளுங்கள், இரண்டாவதைப் பேத்தியிடம். மண்டப வாடகை கூடும் என்பீர்கள். அதற்கு ரிக்கற்றில் ஐம்பது ரூபாய் கூட்டினாலும் நான் தருவேன்.

நன்றி, வணக்கம்.