வாழ்ந்த கரையின் நீர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இறந்தவரின் அஸ்தியைக் கரைக்கச் சிறந்தது தாய்நாட்டுத் தீர்த்தமா, வாழ்ந்த ஊரின் நீரா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா, ராமேஸ்வரத்தில் கரைத்தால்தான் ஆன்மா அடங்கும் என்றும், நாம் வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைப்பது செலவுக்கு அஞ்சியவர்களின் குறுக்குவழி என்றும் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தம் குளமன்று, ஆறன்று, கடல். அந்த நீரும் நம் டர்பன் கரையில் அலையடிக்கும் நீரும் ஒரே இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தவை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததும் இந்த நீரைக் கடந்துதான். கூலி வேலைக்கான ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல், காய்கறி பயிரிட்டும் கரைவலை இழுத்தும் இங்கேயே வேரூன்றியவர்களின் வழிவந்த நாம், பாட்டன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத ஊருக்கு அவருடைய சாம்பலை மட்டும் அனுப்புவது என்ன நியாயம்?

என் அப்பாவும் கரைவலைக்காரர். தகனம் முடிந்து எங்களிடம் தந்த பெட்டி ஏறத்தாழ மூன்று கிலோ இருந்தது. அடுப்புச் சாம்பலைப் போல மெத்தென்றிருக்கும் என்று நினைத்து அதனுள் கை விட்ட தம்பி திடுக்கிட்டுப் போனான். எஞ்சுவது பெரும்பாலும் அரைத்த எலும்பு, கால்சியம் பாஸ்பேட், கைக்குச் சொரசொரவென்று மணல் போலிருக்கும். பெரியப்பா சொன்னபடி, இடுப்பளவு நீரில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மண்சட்டியை நீர்மட்டம் வரை தாழ்த்திச் சாய்த்தோம். கனமானவை உடனே இறங்கின. மெல்லிய தூள் மட்டும் பால் கலங்கியதுபோல் கொஞ்ச நேரம் எங்கள் கால்களைச் சுற்றி நின்றது. பூமாலையின் நூலையும் பிளாஸ்டிக் பையையும் கடலில் விடாமல் திரும்ப எடுத்து வந்தோம். (பெரியப்பாவின் கண்டிப்பு அப்படி.)

இதற்கு நேர்மாறாக, எனக்கு நன்கு தெரிந்த ஒரு வீட்டில், இந்தியாவுக்குப் போகும்போது கொண்டுபோகலாம் என்று வைத்த அத்தையின் அஸ்தி, நான்கு ஆண்டுகளாக அலமாரியில் பழைய பிரஷர் குக்கருக்குப் பின்னால் இருக்கிறது. ஒருமுறை பயணச்சீட்டு விலை, ஒருமுறை பிள்ளையின் பரீட்சை. அவர்களுக்கு அன்பு குறைவு என்று நான் சொல்லவில்லை; தீர்த்தம் தொலைவில் இருப்பதுதான் குறை.

காந்தியடிகளைவிடப் புண்ணிய பூமியைச் சேர்ந்தவர் யார்? அவருடைய அஸ்தியில் தென்னாப்பிரிக்காவில் பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு பகுதியை, அவர் மறைந்து 62 ஆண்டுகள் நிறைந்த 2010 ஜனவரி 30 அன்று, இதே டர்பன் கடலில்தான் குடும்பத்தார் கரைத்தார்கள். எதிரணியினர் இதையும் குறுக்குவழி என்பார்களா?

இறந்தவரே, என்னை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோ என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொண்டுபோகத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. என் அப்பா அப்படிக் கேட்கவில்லை. ஜூன் மாதம் சாளை மீன் கூட்டம் கரையை நெருங்கும்போது அம்மா, "உங்க அப்பாவைப் பார்த்துட்டு வரலாம்" என்பார். வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். வணக்கம்.