கையெழுத்துப் போட்ட அன்று யாருக்கு என்ன தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம்.

சிவில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் மனஸ்தாபத்தோடு பிரிந்த பார்ட்னர்கள் வருவார்கள். அப்பாவின் உயிலை நம்பாத பிள்ளைகள், பில் பணம் வராத கான்டிராக்டர், க்ளெய்ம் மறுக்கப்பட்டவர் என்று பலரும் வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. ஆனால் இந்த நான்கு வகை வழக்குகளையும் நெடுங்காலம் நடத்திய பிறகு, எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன என்று நினைக்கிறேன்: கையெழுத்துப் போட்ட அன்று யாருக்கு என்ன தெரிந்திருந்தது?

இன்ஷூரன்ஸில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. சுமத்ரா தீவில் ஆங்கிலேயரின் மார்ல்பரோ கோட்டைக்குக் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் கார்ட்டர். ஐரோப்பிய எதிரி யாராவது கோட்டையைப் பிடித்துவிட்டால் ஏற்படும் நஷ்டத்துக்கு லண்டனில் பாலிசி எடுக்க ஏற்பாடு செய்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தே விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார், அதனால் பணம் தர முடியாது என்றார் இன்ஷூரன்ஸ் கொடுத்தவர். 1766இல் வழக்கை விசாரித்த நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதை ஏற்கவில்லை. பாலிசி எடுப்பவர் தனக்கு மட்டுமே தெரிந்ததை மறைக்கக் கூடாது, அது சரி. ஆனால் எதிர்த்தரப்புக்கும் தெரிந்த விஷயத்தை, விசாரித்தால் தெரியக்கூடிய விஷயத்தை, சொல்லவில்லை என்று பிறகு குற்றம் சொல்ல முடியாது என்றார். நல்லெண்ணம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. க்ளெய்ம் மறுக்கப்பட்டு வருபவரிடம், விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. கம்பெனி என்ன கேட்டது, ஏஜென்டிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

உயில் வழக்கில் வலி அதிகம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. எதிரெதிரே நிற்பவர்களோ ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், உயில் எழுதியவர் பேய்களும் இறந்துபோன ஒரு மனிதரும் தன்னைத் துரத்துவதாக நம்பியவர். ஆனாலும் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். தான் செய்வது உயில் என்பது அவருக்குப் புரிந்ததா, தன் சொத்து எவ்வளவு, யாருக்கெல்லாம் அதில் நியாயமான எதிர்பார்ப்பு உண்டு என்பது தெரிந்ததா, அந்தப் பிரமை சொத்தைப் பங்கிட்ட விதத்தைப் பாதித்ததா என்றுதான் பார்த்தார்கள். ஆகவே நான் தேடுவது டாக்டர் சொன்ன நோயின் பெயரை அல்ல, உயிலில் கையெழுத்துப் போட்ட அந்த நாளை. அறையில் யார் இருந்தார்கள், வாசகத்தை யார் எழுதினார்கள், படித்துக் காட்டினார்களா? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும்போது இந்தச் சின்னக் கேள்விகளில்தான் உண்மை வெளியே வரும்.

கட்டட வழக்குக்கு வருவோம். நியூயார்க்கில் 1921இல் தீர்ப்பான வழக்கு இது. ஒரு வீட்டுக்கு ‘ரீடிங்’ பைப்தான் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். கான்டிராக்டர் சில இடங்களில் கவனக்குறைவால் வேறு கம்பெனி பைப்பைப் போட்டுவிட்டார். தரத்தில் வித்தியாசம் இல்லை. சுவரை உடைத்து மாற்றினால்தான் மீதிப் பணம் என்றார் வீட்டுக்காரர். நீதிபதி கார்டோஸோ மறுத்தார். வீட்டின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதைக் கழித்துக்கொண்டால் போதும் என்றார், அதுவோ பெயரளவுக்குத்தான். எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கு இந்தச் சலுகை இல்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

வியாபார ஒப்பந்தத்திலும் இதே கதைதான். 1854இல் தீர்ப்பான ஒரு வழக்கில், மாவு மில் ஒன்றின் உடைந்த இயந்திரத் தண்டை, புதியது செய்ய மாதிரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சரக்குப் போக்குவரத்துக்காரர் தாமதம் செய்தார். மில் ஓடாமல் போன லாபத்தை அவரிடம் வசூலிக்க முடியவில்லை. புதிய தண்டு வரும்வரை மில் ஓடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததாக நீதிமன்றம் கருதவில்லை.

அதனால் என் வேலை பெரும்பாலும் தேதிப் பட்டியலில் ஆரம்பிக்கும். கடிதம், பில், மின்னஞ்சல், சைட் டைரி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குவேன். அப்புறம்தான் கட்சிக்காரரைக் கதை சொல்லச் சொல்வேன். அவருக்குப் பாதகமான கடிதம் இருந்தால் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவேன். எதிர்த்தரப்பு அதைச் சாட்சிக் கூண்டில் நீட்டும்போதுதான் நான் முதன்முறையாகப் பார்க்கிறேன் என்றால், அவரைக் காப்பாற்ற என்னிடம் எதுவும் இருக்காது.